ஒரு சென்டிமீட்டர்

திங்கள் காலை கோபுரம் ஒன்பதோடு நின்றுவிட்டது.
பத்தாவது கட்டை,
இளஞ்சிவப்பில் எல்லாவற்றிலும் சிறியது,
பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர்,
தட்டில் இல்லை.
பாய்களை உதறினேன். மணிப்பெட்டியைக் கவிழ்த்தேன்.
பணகுடியின் ஆடிக்காற்று உள்ளே வந்து
மணல்தாள் எழுத்துகளில்
'ழ'வை மட்டும் தூக்கிப் போட்டது.
தேடுகிற சாக்கில் பிள்ளைகள் தவழ்ந்தார்கள்.
பீரோவுக்கடியிலிருந்து ஷிஃபானா
போன வருசத்துப் பொத்தான் ஒன்றோடு வந்தாள்,
அதுதான் தொலைந்தது என்பதுபோல.

சென்னைக் கம்பெனியில் சொன்னார்கள்:
தனிக் கட்டை தருவதில்லை மேடம்,
முழு செட்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.
தாளாளர் விலையைக் கேட்டார்.
"ஒம்பது இருக்குல்லா, போதும்."

போதாது என்று
பிள்ளைகளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
ஒன்பதாவதை வைத்த கை
காற்றில் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும்.

செவ்வாயன்று ஜெர்லின் புளியங்கொட்டையை ஏற்றினாள்.
உருண்டது.
சுடலைக்கனி ரப்பரைக் கடித்துக் கடித்துச்
சதுரமாக்கப் பார்த்தான், பாதியை விழுங்கினான்,
அவன் அம்மாவுக்குப் போன் போட வேண்டியதாயிற்று.
மறுநாள் யாருடைய டிபன் டப்பாவிலிருந்தோ
ஒரு துண்டு கருப்பட்டி.
அது மட்டும் கச்சிதமாக உட்கார்ந்தது.
பதினோரு மணிக்கு எறும்புகள் வந்தன.
பெரியதில் தொடங்கிச் சிறியது நோக்கி,
நான் மூன்று வாரமாகச் செய்துகாட்டிய அதே வரிசையில்,
ஒரு தப்பும் இல்லாமல்.
அன்றைய எண்ணிக்கை எறும்பில் நடந்தது.
நாற்பத்தேழு வரை போன ஷிஃபானா
ஒன்று திரும்பி இறங்குவதைக் கண்டு கேட்டாள்:
"மிஸ், இதக் கழிக்கணுமா?"

இசக்கிதரன் எதையும் வைத்துப் பார்க்கவில்லை.
அவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.
ஒரு கூஜாவிலிருந்து இன்னொரு கூஜாவுக்கு,
சிந்தினால் பஞ்சில் ஒற்றி, பிழிந்து, மறுபடியும்.
திங்கள் பதினெட்டுத் தடவை.
செவ்வாய் முப்பத்தொன்று.
இடது கையால்தான் ஊற்றினான்,
வலது கை டவுசர் பைக்குள் கிடந்தது.
வாரப் பதிவுத்தாளில் அவன் பெயருக்கு நேரே
'இடக்கைப் பழக்கமோ?' என்று குறித்தேன்,
கண்டுபிடித்துவிட்ட பெருமையில்
கேள்விக்குறியைச் சற்றுப் பெரிதாகவே போட்டு.

வியாழன், சன்னல் பக்கம் நின்றிருந்தான்.
வெளியே தோட்டங்களுக்கு மேலாக
காற்றாலைகள் ஆளுக்கொரு திசையில் பார்த்துச் சுற்றின.
"எங்கப்பா ஏற ஏறச் சின்னதாவாங்க மிஸ்."
"எம்புட்டுச் சின்னதுல?"
சுண்டுவிரல் நுனியைக் காட்டினான்.
ஆனி மாசம் அவன் அப்பா குஜராத் போயிருந்தார்.
அங்கேயும் காற்றாலைதான்.
இன்னும் உயரமாம்.

வெள்ளிக்கிழமை மௌன விளையாட்டு.
கண் மூடி எல்லாரும் பாயில்.
முதலில் காற்று கேட்டது. பிறகு தண்டவாளத்தில் சரக்கு ரயில்.
ரயில் போன பிறகு
சுடலைக்கனியின் மூக்கு.
அடுத்த அறைக் கதவோரம் நின்று
ஒவ்வொரு பெயராக, மூச்சின் அளவே குரலாக, அழைத்தேன்.
அழைத்தவர்கள் பூனைபோல் வந்து
என் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இசக்கிதரன்.

வரவில்லை.

இசக்கிதரன்.

எழுந்தான். ஓரடி வைத்தான்.
டக்.
ஒரு கோலிக்குண்டு மரத்தில் படுகிற சத்தம்.
அப்படியே நின்றான்.
முப்பது செருப்பில்லாக் கால்கள்
அவன் நிற்பதைக் கேட்டுக்கொண்டிருந்தன.
பிறகு பையை வெளியிலிருந்து உள்ளங்கையால் பொத்தி
பாய்களுக்கு நடுவே
ஒவ்வொரு விரலாக ஊன்றி வந்தான்.
வந்து, அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தான்.
நான் அடுத்த பெயரைச் சொன்னேன்.

மாலை பதிவுத்தாளை எடுத்தேன்.
'இடக்கைப் பழக்கமோ' அடித்தேன்.
'ஓசைப்படாமல் நடந்தான்' எழுதினேன்.
கோபுரம், கட்டைகள் ஒன்பது.
அடுத்த வாரம் என்ற கட்டத்தில்
'தண்ணீர் ஊற்றல்' என்றே போட்டு
அடைப்புக்குள் சேர்த்தேன்:
பெரிய பித்தளைக் கூஜா.
இரண்டு கையும் வேண்டும் அதைத் தூக்க.